தேரையோடு கடல் கடந்த புழு

டவுன்ஸ்வில், ஆஸ்திரேலியா

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி? மாடிப்படி ஏற விடாதே. இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. ராத்திரியானால் வாசல் விளக்கடியில் தேரைகள் பூச்சி பிடிக்க வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

இந்தத் தேரைகள் ஊர்க்காரர்கள் இல்லை. கரும்பைத் தின்னும் வண்டை ஒழிக்க 1935-ல் ஹவாயிலிருந்து குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். வண்டு ஒழியவில்லை, தேரைதான் பெருகியது.

போன வாரம் ஆய்வகத்தில் ஒன்றைத் திறந்தேன். நுரையீரல் அவ்வளவு மெல்லிசு, சுவர் வழியாகவே கறுப்பு நூல் துண்டுகளாக ஏழு புழுக்கள் தெரிந்தன. கறுப்பு புழுவின் நிறமில்லை செல்வி, அது குடித்த ரத்தம் குடலில் அப்படித் தெரிகிறது. தூரிகை நுனியால் எடுத்து உப்புக் கரைசலில் விட்டதும் நெளிந்தன. சூடான ஆல்கஹால் பட்டால்தான் சுருளாமல் நீண்டு கிடக்கும், அப்புறம்தான் அளக்க முடியும்.

இந்தப் புழு ராப்டியாஸ் என்கிற பேரினம், உருளைப்புழு வகை. பொதுவாக உருளைப்புழு என்றால் ஆணின் வாலைப் பார்த்தே இனத்தைப் பிரித்துவிடலாம். நுரையீரலுக்குள் இருக்கும் ராப்டியாஸில் தனியாக ஆணே கிடையாது, எல்லாமே இருபாலி, ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும். அதனால் வாயைச் சுற்றிய உதடுகள், வாய்க்குழியின் அகலம், வால் நுனி என்று நுணுக்கி நுணுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆணும் பெண்ணுமாகப் பிரிந்த தலைமுறை மண்ணில் வாழ்கிறது. அங்கே குஞ்சுகள் தாயின் உடம்புக்குள்ளேயே வளர்ந்து, அவளையே தின்றுவிட்டு வெளியே வருகின்றன. முதன்முதலில் அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கத்தித் தேரைகளின் புழு உள்ளூர்த் தவளைகளிடமிருந்து தொற்றியது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2007-ல் மத்திய அமெரிக்காவில் இதே வகைத் தேரையிலிருந்து ஒரு புதுப் புழுவை விவரித்து, ராப்டியாஸ் சூடோஸ்பீரோசெபாலா என்று பெயர் வைத்தார்கள். மறு வருடம் டி.என்.ஏ.வை ஒப்பிட்டால், ஆஸ்திரேலியத் தேரையில் இருப்பதும் அதுதான். தேரையோடு சேர்ந்து அதுவும் கடல் கடந்து வந்திருக்கிறது! அங்கே பொறுமையாக உட்கார்ந்து உதட்டையும் வாலையும் அளந்து, வரைந்து, பெயர் வைத்திருக்காவிட்டால் இங்கே எதோடு ஒப்பிடுவது? நான் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் குனிந்து கிடப்பது இதற்காகத்தான். புதிய இடங்களுக்கு முதலில் போய்ச் சேரும் தேரைகளிடம் இந்தப் புழு இல்லை என்பதும், சில வருடம் பின்தங்கித்தான் வந்து சேர்கிறது என்பதும், இதன் பெயர் சரியாகத் தெரிந்ததால் இன்னும் தெளிவாகப் புரிகிறது.

சரி, ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதினேன். காலேஜில் இரண்டாம் வருடம் ஹெக்ஸாடேக்டைலா தவளையை மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி விரித்தோமே, நினைவிருக்கிறதா? நுரையீரலிலிருந்து ஒரு புழு வந்தது. பாடத்தில் இல்லை என்று நான் பஞ்சால் துடைத்துப் போட்டேன். அது என்ன இனமோ என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது. நீ மட்டும் அதை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வரைந்து வைத்தாய். அந்த நோட் இன்னும் பரணில் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. தலைப்பக்கம் தெளிவாக விழட்டும்.

உன்,
சாந்தி