டோனி பென்னட் அவர்களுக்கு, நீங்கள் எழுந்துபோனது குறித்து

மதிப்பிற்குரிய டோனி பென்னட் அவர்களுக்கு,

வணக்கம். 2024 அக்டோபரில், ஆட்டப் பருவம் தொடங்க மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், வர்ஜீனியா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவியை விட்டு எழுந்துபோனீர்கள். அப்போது உங்களுக்கு வயது 55. அதே ஆண்டு கோடையில்தான் ஒப்பந்தத்தை 2030 வரை நீட்டித்திருந்தார்கள். அன்றிலிருந்து உங்கள்மேல் எனக்கொரு மனத்தாங்கல். வேறொரு பயிற்சியாளர் இப்படிச் செய்திருந்தால் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். நீங்கள் செய்ததால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் ஆட்டத்தை ரசித்தவர்கள் குறைவு என்பது உங்களுக்கே தெரியும். 'தூக்கம் வருகிறது' என்றார்கள். எதிரணியை 50 புள்ளிக்குள் அடக்கிவிட்டு 55 எடுத்து ஜெயிக்கிற அணியைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள் என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிரீன் பே கல்லூரியில் உங்கள் அப்பா டிக் பென்னட்டிடம் ஆடிய நாளில், தொலைவிலிருந்து எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளில் ஏறத்தாழ பாதியை வளையத்துக்குள் போட்ட ஆள் நீங்கள். அப்படிப்பட்ட கை படைத்தவர், பெயர் வாங்கியதெல்லாம் பந்தைப் போடவிடாமல் தடுப்பதில்.

அந்தத் தடுப்பும் அப்பா வழிச் சொத்துதான். மூன்று புள்ளிக் கோட்டுக்குச் சில அடி உள்ளே, தரையில் வரையப்படாத ஒரு கோடு. பந்து வைத்திருப்பவனை ஒருவன் நெருக்குவான். மற்ற நால்வரும் அந்தக் கோட்டுக்குள் நின்று வளையத்துக்குப் போகும் வழியை அடைப்பார்கள். கேட்க எளிது. பந்து கைமாறும் ஒவ்வொரு முறையும் ஐந்து பேரும் சேர்ந்தே நகர வேண்டும். ஒருவன் அரை விநாடி பிந்தினால் போயிற்று. உள்ளூர்ப் பள்ளியில் நட்சத்திரமாக இருந்துவிட்டு வரும் பதினெட்டு வயதுப் பையனுக்கு இது ஒரே பருவத்தில் படியாது. அதனால் சிலரை ஒரு வருடம் முழுக்க ஆட்டத்தில் இறக்காமல் பயிற்சியில் மட்டும் வைத்திருந்தீர்கள். டியாண்ட்ரே ஹன்டர் அப்படிக் காத்திருந்தவர். மமாடி டியாகிட்டேயும்தான்.

2018 மார்ச் 16 பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நாட்டின் முதலிடத்து அணி. 31 வெற்றி, இரண்டே தோல்வி. எதிரில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாக அணி. ஆண்கள் தேசியக் கல்லூரிப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை வலிமைப்படி ஒன்று முதல் பதினாறு வரை நிலைப்படுத்துவார்கள்; முதல்நிலை அணியும் பதினாறாம்நிலை அணியும் அதுவரை மோதிய 135 ஆட்டங்களிலும் முதல்நிலை அணியே வென்றிருந்தது. நீங்கள் 74-54 என்று தோற்றீர்கள். ஹன்டர் மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்தார் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எங்களை வெளுத்துவிட்டார்கள் என்று நேராகச் சொன்னீர்கள். ஆட்டக்காரர்கள் கைல் கையையும் டை ஜெரோமையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னீர்கள்.

அடுத்த ஆண்டு தேசியக் கோப்பை வாங்கியதை விட, அதற்கு வழிவிட்ட அந்த ஐந்தேமுக்கால் அடிப் பையனைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பர்டூ அணியோடு காலிறுதிக் கட்டம். ஆறு விநாடிகூட இல்லை. இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறீர்கள். ஜெரோம் போட்ட ஃப்ரீ த்ரோ (மறிக்க ஆளில்லாமல் எறியும் வாய்ப்பு) தவறுகிறது. டியாகிட்டே தட்டிய பந்து மைதானத்தின் மறுபாதிக்கே ஓடிவிடுகிறது. கிஹே கிளார்க், முதலாம் ஆண்டு மாணவர், அதை விரட்டிப்போய் எடுக்கிறார். பக்கத்தில் ஜெரோம் கைதட்டிக் கேட்கிறார். கிளார்க் அவரைப் பார்க்கவில்லை. தொலைவிலிருந்தே டியாகிட்டேயின் கைக்குப் பந்தை எறிகிறார். அவர் வாங்கிய மூச்சில் எறிய, சங்கு ஊதும்போது பந்து காற்றில் இருக்கிறது. 70-70. கூடுதல் நேரத்தில் 80-75.

அதற்கடுத்து, ஆபர்ன் அணியோடான அரையிறுதியில் 0.6 விநாடி மிச்சமிருக்கையில் கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு ஜெயிக்கவைத்தார். அதற்குச் சற்று முன் ஜெரோம் செய்த டபுள் ட்ரிப்ளிங் தவறை (பந்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடி தட்டுவது) நடுவர்கள் கவனிக்கவில்லை என்பதை உங்கள் ரசிகர்கள் மெல்ல விழுங்கிவிடுவார்கள். நான் விழுங்க மாட்டேன். இறுதியாட்டத்தில் டெக்சஸ் டெக் அணிக்கு எதிராக ஹன்டர் 27 புள்ளி எடுத்தார். முந்தைய மார்ச்சில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்த அதே ஹன்டர்.

அதே கிளார்க் ஐந்தாம் ஆண்டு மூத்தவராக, 2023இல் ஃபர்மன் அணியோடு ஆடியபோது நடந்ததையும் சொல்லியாக வேண்டும். இரண்டு புள்ளி முன்னிலை, சில விநாடிகள் மிச்சம், மூலையில் இருவர் மறித்த நெருக்கடி. கிளார்க் பந்தைக் கண்மூடித்தனமாக நடு மைதானம் நோக்கி வீசினார். எதிராளி பிடித்தார், கைமாற்றினார், மூன்று புள்ளி. 68-67. கோப்பைக்குப் பிறகு நீங்கள் தேசியப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அதற்காக யாரும் உங்களைப் போகச் சொல்லவில்லை. உங்களுக்கு அங்கே ஆயுட்கால மதிப்பு இருந்தது. கோப்பை வென்ற கையோடு தந்த சம்பள உயர்வை வேண்டாம் என்று சொல்லி, அதை உதவியாளர்களுக்குக் கொடுக்கச் சொன்ன மனிதருக்கு இருக்கவேண்டிய மதிப்புதான்.

ஆக, என் மனத்தாங்கல் இதுதான். வரலாற்றிலேயே மோசமான தோல்வியைத் தாங்கிய நீங்கள், ஒரு விதிமாற்றத்தைத் தாங்கவில்லை. 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை விற்றுச் சம்பாதிக்கலாம். ஓராண்டு உட்காராமலே வேறு கல்லூரிக்குத் தாவலாம். ஆட்டக்காரர்களுக்குப் பணம் போவது சரிதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். ஆனால் இந்தச் சூழலுக்கு நான் பொருந்தவில்லை என்றீர்கள். பயிற்சியாளர்கள் மில்லியன் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த பல பத்தாண்டுகளாகக் காலணா வாங்காத பையன்களுக்கு இப்போதுதான் கொஞ்சம் வருகிறது. அந்த நேரம் பார்த்து 'சூழல் சரியில்லை' என்ற பேச்சு வந்தால் எனக்கு எரிச்சல் வருவதில் தப்பில்லை.

ஆனாலும் உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. வாழை வைப்பவர்களின் சந்தையில் தென்னை வைத்தவர் நீங்கள். இன்றைய ஹன்டர் ஒரு வருடம் உட்கார்ந்திருக்க மாட்டார். மார்ச் முடிந்ததும் வேறு சட்டை போட்டிருப்பார். இன்றைய கிளார்க் ஐந்து வருடம் ஓரிடத்தில் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். உங்கள் முறைக்குத் திறமைக்கும் முன்பாக வேண்டியது காலம். அதைத்தான் பறித்துக்கொண்டார்கள்.

சரி, போகலாம். ஆனால் மார்ச்சில் போயிருக்கலாமே? உங்களை நம்பிக் கையெழுத்திட்ட பையன்களை அக்டோபரில் விட்டுப்போனதை மட்டும் என்னால் செரிக்க முடியவில்லை. உங்கள் அப்பாவும் இப்படித்தான்: விஸ்கான்சின் அணியை 2000இல் அரையிறுதி வரை கொண்டுபோனார், அதே ஆண்டு நவம்பரில், பருவத்தின் மூன்றாவது ஆட்டம் முடிந்த கையோடு விலகினார். நீங்கள் அந்த அணியில் அவருக்கு உதவியாக இருந்தீர்கள். பயிற்சியாளர் திடீரென்று போனால் ஓர் அணி எப்படித் தத்தளிக்கும் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர் நீங்கள்.

2025 மார்ச்சில் உங்கள் நாற்காலிக்கு ரயன் ஓடமை அழைத்துவந்தார்கள். 2018இல் உங்களை அந்த 74-54 அடி அடித்த அணியின் பயிற்சியாளர் அவர்தான். அவருடைய அப்பாவும் பயிற்சியாளர். வர்ஜீனியாவில் உதவியாளராக இருந்தவர். சிறுவன் ரயன் அந்த மைதானத்தைச் சுற்றி வளர்ந்தவர். வந்ததும் அணியைப் பெரும்பாலும் புதிய முகங்களால் நிரப்பினார், பிற கல்லூரிகளிலிருந்து தாவி வந்தவர்களே அதிகம். உங்களால் முடியாது என்று நீங்கள் சொன்ன அதே வேலை. அவர் ஆட்டங்களை நீங்கள் பார்க்கிறீர்களா? பார்த்தால், அந்த வரையப்படாத கோட்டுக்குள் நிற்க ஒரே கோடையில் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்க முடியுமா என்று எழுதுங்கள். முடியும் என்று நான் நினைக்கிறேன். உங்களோடு வாதாடத் தயாராகவும் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆட்டத்தில் ஒருநாளும் தூங்காத ரசிகன்