வரத்துக்காலும் வரைபடத்தில் ஏறட்டும்

ஐயா,

எங்கள் ஊரணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால், தைலமரக் காட்டோரம் முழங்கால் ஆழத்தில் கிடக்கிறது. சென்ற மாதம் மனை பிரிக்கக் கல் ஊன்ற வந்தவர்கள் காட்டிய வரைபடத்தில் அது இல்லவே இல்லை. ஆடு மேய்க்கும் அப்பத்தாவோ, "இந்தா, இந்தப் பாலைமரத்துல திரும்பி அந்த மடைக்கல்லுல இறங்கும்" என்று நடந்தே காட்டினார்.

நிலத்துக்குத் திட்டம் போடுமுன் ஊர்ச் சாவடியில் கிராம வரைபடத்தை விரித்து, மேய்ப்பவர், மடை திறப்பவர் எல்லாரையும் குறிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கைப்பேசியோடு நடந்து சரிபார்க்கலாம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977-லேயே பறவைகள் சரணாலயமாயின. பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத அந்த ஊர்க்காரர்களுக்கு எந்த மரத்தில் எது கூடு கட்டும் என்பது தெரியாதா? அந்தக் கண்மாய்களின் நீர்வழியையும் அவர்களே வரையட்டும். எங்கள் வரத்துக்காலை ஐப்பசி மழைக்கு முன்னால் அளந்து பதிய வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, பள்ளத்தூர்