ஆளைத் தேட இலவசம், குளிக்கக் கட்டணமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"ஆளைத் தேட வந்தால் காசு வேண்டாம். குளிக்க வந்தால் கட்டத்தான் வேண்டும்." சிலாங்கூரில் எங்கள் பத்தாங் காலி வட்டாரத்து அருவிப் பூங்கா ஒன்றின் கவுண்டரில் இருந்த தம்பி, போன பள்ளி விடுமுறையில் என் மகனிடம் சொன்னது இது. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். மகனும் கூடவே சிரித்து, தன்னார்வத் தீயணைப்புப் படை அட்டையைப் பர்சில் செருகிக்கொண்டு எல்லாருக்கும் பணத்தைக் கட்டினான். எனக்கு மட்டும் மூத்த குடிமக்கள் சலுகையாம், பாதிக் கட்டணம். முழங்கால் தண்ணீரில் இறங்கவே பயப்படும் எனக்கு!

அந்தத் தம்பி சொன்னது பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மலையில் மழை கொட்டி, கெப்பாலா ஆயர் என்கிற திடீர் வெள்ளம் இறங்கி, யாரையாவது அடித்துக்கொண்டு போனால் நள்ளிரவிலும் அந்த கேட் திறக்கும். என் மகன் செம்பனை ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து சோற்றில் கை வைத்திருப்பான், போன் வரும். தட்டை மூடி வைத்துவிட்டு ஓடுவான். விடிந்து வந்து பூட்ஸைக் கவிழ்த்தால் ஒரு கை மணல் கொட்டும். அந்த பூட்ஸும் சொந்தக் காசில் வாங்கியது.

பத்தாங் காலிக்காரர்களுக்கு 2022 டிசம்பர் 16ஐ யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் போனார்கள். கடைசி உடல் 24ஆம் தேதிதான் கிடைத்தது. அதுவரை சேற்றில் நின்று தேடியவர்களின் படங்களை நீங்களும்தான் போட்டீர்கள். 2018இல் பூச்சோங்கில் ஈயக்குட்டையில் விழுந்த பையனைத் தேடப்போய்த் தீயணைப்பு வீரர்கள் 6 பேர் மூழ்கியதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அப்போதெல்லாம் மாவீரர்கள். மழை விட்டதும் டிக்கெட் எடு.

யாருக்குமே இலவசம் கிடையாது என்றால் பேசாமல் இருந்திருப்பேன். அந்தப் பூங்காவில் தொங்குபாலம் திறக்க ஒய்பி, அதாவது எங்கள் மக்கள் பிரதிநிதி, வந்தபோது, அவர் பின்னால் வரிசையாக வந்த வண்டிகளில் இருந்தவர்கள் டிக்கெட் எடுத்தார்களா? நான் வாசலில்தான் நின்றிருந்தேன். அவர்கள் எந்த வெள்ளத்தில் யாரைத் தூக்கினார்களோ!

நாங்கள் தோட்டத்தில் குடியிருந்தவரை பிள்ளைகள் ஓடி விளையாடக் காசு கேட்டவர் யாருமில்லை. பந்துத் திடலை வீடமைப்புக்கு விற்றார்கள். பதிலுக்குத் தருவதாகச் சொன்ன விளையாட்டு மைதானத்தில் இன்றைக்கு இருப்பது ஒரு பக்கச் சங்கிலி அறுந்த ஊஞ்சல். தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் பற்றி எரிந்த இரவில் தோட்டத்து கேட்டில் பூட்டு. சாவியோடு காவல்கார ஜாகா தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். தீயணைப்புத் துறையான பொம்பாவின் வண்டி வெளியே நின்றது, எங்கள் பையன்கள் வாளியோடு ஓடினார்கள். இன்றுவரை அதற்கு ஒரு வருத்தம் தெரிவித்தவர் இல்லை. அப்புறம் எங்கள் ஆட்களுக்கு ஒற்றுமை இல்லை என்று மேடையில் பேசுவார்கள்.

சரி, கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். பொம்பா, ஆம்புலன்ஸ், பொதுத் தற்காப்புப் படை ஆட்களும் தன்னார்வலர்களும் பணி அட்டையையும் அடையாள அட்டையான மைகார்டையும் காட்டினால், உடன் வரும் குடும்பத்தோடு பொதுப் பூங்காக்களில் கட்டணமில்லாமல் விட வேண்டும். விடுமுறை நாளில் கூட்டம் என்றால் வார நாட்களில் மட்டும் என்றாலும் சம்மதமே.

இதைப் பிரசுரித்தால், பெரிய மனது வைத்து முழுதாகப் போடுங்கள். சாலைவிளக்கு பற்றிப் போன முறை எழுதியதில் பாதியைக் காணோம்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலரின் தாய்,
பத்தாங் காலி