நீச்சல் தெரிந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ஒகேனக்கல் பக்கம் காவிரிக் கரையில் தங்கி, குளித்து, சமைத்துச் சாப்பிடும் முகாம் பற்றி இரண்டு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். அதில் ‘நீச்சல் தெரிந்தவர்களுக்குப் பயமே வேண்டாம்’ என்ற வரியை எப்படி அச்சேற விட்டீர்கள்? ஆற்றோடு போனவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு என்பது, அந்தச் செய்திகளையெல்லாம் போடுகிற உங்களுக்குத் தெரியாததல்ல.

ஒகேனக்கல்லில் வெயில் கொளுத்தும்போதே தண்ணீர் ஏறும். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறந்துவிடுவது இங்கே வந்து சேரும். தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் எடுக்கும் நீர்வரத்து அளவை நீங்களே போடுகிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சற்று முன் தெரிந்த பாறை மறைந்தாலோ, துணிமணியை எடுக்கக்கூட நிற்காமல் மேடேற வேண்டும். நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். நீங்கள் பெரிதாகப் போட்ட படமே அதுதான்.

ஒருவர் மூழ்கினால் இன்னொருவர் குதிக்கக் கூடாது. குடும்பம் குடும்பமாகப் போவது அப்படித்தான். ஐம்பதடிக் கயிற்றின் முனையில் ஐந்து லிட்டர் காலி கேனைக் கட்டி, அதில் கால் லிட்டர் தண்ணீர் விட்டு இறுக மூடிக் கரையில் வைத்திருக்க வேண்டும். வெறும் கேனை எறிந்தால் காற்று தள்ளிவிடும். கொஞ்சம் கனம் இருந்தால்தான் குறிவைத்த இடத்துக்குப் போகும். ஆளுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் முகாமில் அப்படி ஒரு கயிறு இருக்கிறதா என்று உங்கள் நிருபர் கேட்கவில்லையா?

‘ஆற்றுக் கல் மூன்றைக் கூட்டினால் அடுப்பு தயார்’ என்பது அடுத்த ஆபத்து. தண்ணீரில் ஊறிய கல் சூட்டில் வெடிக்கும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றிக் கல்லைப் பிளக்கும். சில்லு கண்ணில் தெறிக்கும். மேட்டில் காய்ந்து கிடக்கும் கல்லை எடுக்க வேண்டும், இரும்பு அடுப்பு இன்னும் நல்லது. சமைத்து முடித்ததும் மணலைத் தள்ளி மூடுவது அதைவிடத் தப்பு. அடியில் கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்; பின்னால் வரும் குழந்தை அதில் கால் வைக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். மீன் குடலைக் குளிக்கும் இடத்தில் எறியக் கூடாது. காவிரியில் முதலை உண்டு.

2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பகுதி இது. காட்டுக்குள் தீ மூட்ட அனுமதி உண்டா என்றுகூடக் கட்டுரையில் இல்லை. 2018 குரங்கணிக் காட்டுத் தீ அதற்குள் மறந்துபோயிற்றா?

ஆடிப்பெருக்குக்கு ஆண்டுதோறும் படித்துறைப் படம் போடுகிறீர்கள். கரூர், திருச்சிப் பக்கம் மணல் அள்ளிய குழிகளில், முழங்கால் தண்ணீரில் நிற்பவர் அடுத்த எட்டில் முங்கிப்போவதைப் பற்றி முன்பே எழுதினேன். அந்தக் கடிதம் வெளிவரவே இல்லை. இதுவும் வராது போனாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் நாலு வரிக் கட்டம் ஒன்று போடுங்கள்: பிலிகுண்டுலு அளவு, கயிறு, ஈரக் கல், கங்கு.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பென்னாகரம்