சமையலறை அலமாரித் தட்டுகளுக்கு நடுவே வீணாகும் இடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வீட்டுப் பக்கத்தில் சமையலறைப் படங்கள் அடிக்கடி வருகின்றன, பார்க்க நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அலமாரி எவ்வளவு ஆழம், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு படத்திலும் போடுவதில்லை. சமையலறையில் இடம் இருப்பதும் இல்லாததும் அந்த அளவில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு படத்தைக் காட்டித்தான் அலமாரி செய்யச் சொன்னோம். மேடைக்குக் கீழே 60 செ.மீ. ஆழம், கதவு, உள்ளே நடுவில் ஒரே ஒரு தட்டு. பின்வரிசையில் இருக்கும் ஒரு பாத்திரத்தை எடுக்க மண்டியிட்டு முன்னால் இருக்கும் பத்துப் பொருளை வெளியே வைக்க வேண்டும், அதனால் யாரும் எடுப்பதில்லை, உள்ளே இருப்பது மறந்துபோய் அதே பொருளைத் திரும்பவும் வாங்குகிறோம். இடம் போதவில்லை என்று சுவரில் இன்னொரு அலமாரி மாட்டலாமா என்று பேச்சு வந்தபோதுதான் டேப் வைத்து அளந்து பார்த்தேன். தட்டுகளுக்கு நடுவே 38 செ.மீ., எங்களிடம் இருந்த டப்பாக்களில் உயரமானதே 17 செ.மீ. பாதிக்கு மேல் வெறும் காற்று! குறுக்கே ஒரு பலகை சேர்த்ததும் புது அலமாரிப் பேச்சே நின்றுவிட்டது.

பக்கப் பலகையில் 32 மி.மீ. இடைவெளியில் வரிசையாகத் துளை போட்டுவிட்டால் தட்டை எப்போது வேண்டுமானாலும் ஏற்றி இறக்கலாம். அலமாரித் தொழிலில் பல காலமாக இருக்கும் அளவுதான் இது, கேட்டால் செய்து தருவார்கள். கேட்க வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை. அதேபோல் கீழ் அலமாரிக்குக் கதவை விட இழுப்பறை எவ்வளவோ மேல், ஏனென்றால் பின்னால் இருப்பதும் நம் முன்னால் வந்து நிற்கும். இழுப்பறை ஓடும் இரும்புத் தடமான சேனல் மட்டும் முழுதாக வெளியே வருவதாகவும் பாத்திரக் கனத்தைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். பாதி வந்து நிற்கும் சேனல் போட்டால் பழைய கதைதான்.

டப்பாவின் வடிவமும் இடத்தைத் தின்கிறது. ஒரு சதுர இடத்தில் அதே அகலமுள்ள வட்ட டப்பாவை வைத்தால் அந்த இடத்தில் சுமார் 78 சதவீதம்தான் நிரம்பும், மீதி நான்கு மூலைகளிலும் சும்மா கிடக்கும். ஐந்து வட்ட டப்பாக்களுக்கு ஒரு டப்பா இடம் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பதைத் தூக்கிப்போட வேண்டாம், இனி வாங்குவதையாவது சதுரமாக வாங்கலாம்.

சின்னச் சமையலறையில் ஒன்றும் செய்ய முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம்தான். மாவு, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் எழுதிய அலுமினியப் பெட்டிகள், பிடியோடும் நேராகக் கொட்டும் மூக்கோடும் அலமாரியில் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். எதை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கு ஏற்ற அளவில் இடத்தைச் செய்தார். நாம் அலமாரியை முதலில் செய்துவிட்டு அப்புறம் பொருளைத் திணிக்கிறோம்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம்தான். அடுப்புக்கு மேலே எண்ணெய் வேண்டாம், சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும். சிங்க்குக்குக் கீழே ஈரம் இருக்கும், அங்கே மாவுப் பொருள் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் சுத்தம் செய்யும் திரவங்களையும் அங்கே வைக்காதீர்கள். கனமானவை கீழே, தினமும் எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே. வயதானவர்கள் சமைக்கும் வீடுகளில் இந்தக் கடைசி விஷயத்தைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள், ஸ்டூல் மேல் ஏறி எடுக்கும்போதுதான் விழுகிறார்கள்.

ஆசிரியரிடம் கேட்பது இதுதான். இனிமேல் சமையலறைப் படம் போடும்போது பக்கத்தில் ஆழம், உயரம், தட்டு இடைவெளி மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் அந்த அலமாரியின் கதவைத் திறந்துவைத்து, உள்ளே சாமான் நிறைந்திருக்கும்போது எடுத்த படம் ஒன்றும் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி