வெள்ளை ஐசோபாட் பற்றி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் மனது நிறைந்துவிட்டது. அவளிடம் என் வாழ்த்தைச் சொல்.

உன் கெக்கோ பல்லிக்கு, கழிவைச் சிற்றுயிர்களே தின்று சுத்தம் செய்யும் பயோஆக்டிவ் பெட்டி அமைக்கப் போவதாகவும், அதில் விட வெள்ளை ஐசோபாட் என்கிற, மண்ணில் வாழும் குட்டி உயிர் சரிவருமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாக விடலாம். என்னிடம் இருப்பது ட்வார்ஃப் ஒயிட் வகை. நான்கு மில்லிமீட்டர் இருந்தாலே பெரியது. பார்க்கப் பூச்சி மாதிரி இருந்தாலும் நண்டு, இறாலுக்குச் சொந்தம். செவுள் போன்ற உறுப்பால் மூச்சு விடுவதால் ஈரம் இல்லாமல் பிழைக்காது. அதை நினைத்துத்தான் ஆரம்பத்தில் பெட்டி முழுவதையும் நனைத்து வைத்தேன். மண் அழுகி நாறி, பாதிக் கூட்டம் செத்துப்போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தம்தான். நீ ஒரு பக்கம் மட்டும் பாசியை ஈரமாக வை, மறுபக்கம் காயட்டும். எங்கே இருப்பது என்று அவையே பார்த்துக்கொள்ளும்.

இந்த வெளிர் நிறம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உடம்புக்குள் இருப்பது தெரியும். தின்ற மக்கிய இலை, நடுவில் கருங்கோடாக ஓடும். லென்ஸை எடுத்தால் முதலில் அந்தக் கோட்டைத்தான் தேடுவேன். ஒருமுறை ஒன்றுக்குப் பின்பாதி மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. நோய் என்று பயந்து தனியே எடுத்து வைத்தேன். பார்த்தால், தோல் உரித்துக்கொண்டிருக்கிறது! பின்பாதியை முதலில் உரித்து, சில நாள் கழித்துத்தான் முன்பாதியை உரிக்கும். உரித்த தோலையும் பெரும்பாலும் தானே தின்றுவிடும், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துக்காக. ஒரு துண்டு கணவாய் ஓடு போட்டு வை.

இந்த வகைக்கு ஆண் துணை தேவையில்லை. பெண்களே பெருகும். தாய் வயிற்றடிப் பையில் சுமந்து வெளியே விடும் குஞ்சுக்கு ஆறு ஜோடிக் கால்தான், ஏழாவது பிறகு முளைக்கும்.

டெய்ரி கௌ என்கிற இன்னொரு ஐசோபாட் வகை வெள்ளையும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் அது புரதத்துக்கு அலையும். கடித்துவிடுமோ என்று, கெக்கோ தோல் உரிக்கிற இடத்தில் நான் அதை விடமாட்டேன்.

இப்போதே காய்ந்த இலை சேர்க்க ஆரம்பி. பூச்சிமருந்து படாததாகப் பார். கெக்கோவை விடுவதற்கு ஒரு மாதம் முன்பாவது வெள்ளை ஐசோபாட்களை விட்டுவிட வேண்டும். அடுத்த முறை வரும்போது ஒரு டப்பா மண் கொண்டுவருகிறேன். மேலே ஒன்றும் தெரியாது, எல்லாம் உள்ளேதான் இருக்கும். அப்படியே கொட்டிவிடு.

அன்புடன்,
முருகன்