முள்ளுக்குப் பின்னால் ஓடாதே

அன்புள்ள கண்ணா,

சனிக்கிழமை ராத்திரி புது ஸ்மோக்கரில், அதாவது கரிப்புகையில் கறியை மெதுவாக வேகவைக்கும் அடுப்பில், பன்றித் தோள்பட்டையை வைத்துவிட்டு, சூடு எத்தனை டிகிரி என்று நீ அனுப்பிய பதினொரு செய்திகளையும் காலையில் எழுந்துதான் பார்த்தேன். "130 ஆயிடுச்சு." "மூடிட்டேன்." "95க்கு இறங்கிடுச்சு." "எல்லாத்தையும் திறந்துட்டேன்." "இப்ப 150மா!" கடைசிச் செய்தி விடியற்காலை மூன்றரைக்கு: "இனிமேல் கேஸ் அடுப்புதான்." சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த மூன்றரை மணியை நானும் பார்த்தவள்தான். போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சின்ன வயதில் ஷவரில் நீ குளிப்பது நினைவிருக்கிறதா? வெந்நீர்க் குழாயைத் திருகுவாய். அடுத்த நொடியே சூடு வரவில்லையென்று இன்னும் திருகுவாய். பிறகு "சுடுது" என்று ஒரு கத்தல். பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு "குளிருது" என்று இன்னொரு கத்தல். அங்கே திருகியது தலைக்கு வந்துசேரப் பத்து நொடி ஆகும். ஸ்மோக்கரில் கீழே காற்றுத் துவாரத்தில் திருகியது மேலே தெர்மாமீட்டர் முள்ளில் தெரிவதற்குப் பதினைந்து, இருபது நிமிஷம் ஆகும். நீ ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திருகியிருக்கிறாய். உன் செய்திகளின் நேரத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

கரிக்குத் தீனி காற்று. அடியில் இருக்கும் மூன்று துவாரங்கள்தான் அதன் வாய். திறந்தால் கூடுதலாக எரியும், அடைத்தால் அடங்கும். இவ்வளவுதான் சூத்திரம். ஆனால் வாயை அடைத்த உடனே பசி அடங்காது. ஏற்கெனவே கங்காகிவிட்ட கரி தன் சூட்டைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். இரும்பும், கரிக்கும் கறிக்கும் நடுவில் உள்ள தட்டிலிருக்கும் தண்ணீரும் வாங்கி வைத்த சூட்டை மெல்லத்தான் விடும். நீ 130இல் அடைத்தாய், முள் அசையவில்லை, இன்னும் அடைத்தாய். அரை மணி கழித்து இரண்டு அடைப்பின் பலனும் சேர்ந்து வந்தது. அதுதான் உன் 95.

ஏறும்போதே பிடித்துவிட வேண்டும். 110 வேண்டுமென்றால் 90ஐத் தாண்டும்போதே கீழ்த் துவாரங்களைப் பாதியாக்கு, 100ஐத் தாண்டியதும் இன்னும் குறை. ஏறியபின் இறக்குவது பெரும்பாடு. பிடித்துக்கொண்ட கங்கை அணைத்துத்தான் இறக்க வேண்டியிருக்கும்.

எத்தனை கரியைப் பற்றவைத்தாய் என்று நீ சொல்லவில்லை, ஆனால் என்னால் சொல்ல முடியும். பற்றவைக்கும் தகரக் குழாய் நிறைய கரி போட்டு, அத்தனையும் சிவந்ததும் மொத்தமாகக் கொட்டியிருப்பாய். அடுப்பென்றால் முழுக்க எரிய வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஸ்மோக்கரில் அது தலைகீழ். அடியில் கரி போடுகிற இரும்பு வளையம் நிறையப் பற்றாத கரியைக் கொட்டு. நடுவில் கையால் ஒரு குழி பறி. பதினைந்து, இருபது கரியை மட்டும் பற்றவைத்து, நீறு பூத்ததும் அந்தக் குழியில் போடு. நெருப்பு பக்கத்துக் கரிக்கு மெல்லத் தாவித் தாவிப் போகும். ஒரே சமயத்தில் கொஞ்சம் கரிதான் எரியும், அதனால் அடக்குவதும் சுலபம். ஒரே நிரப்பில் ராத்திரி முழுக்க ஓடும். இதற்கு மினியன் முறை என்று பெயர், போட்டிகளில் சமைக்கிற ஜிம் மினியன் என்ற அமெரிக்கர் பரப்பியது. வெயில் நாளென்றால் பத்துப் பன்னிரண்டு கங்கே போதும். கரியில் அச்சில் அழுத்திய பிரிக்கெட்தான் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நல்லது. எல்லாம் ஒரே அளவு என்பதால் ஒரே சீராக எரியும். உடைந்த மரக்கரி வாசனையாக இருக்கும், சாம்பலும் குறைவு. ஆனால் துண்டுக்குத் துண்டு குணம் மாறும். அது பிறகு.

மூடியின் உச்சியில் இருக்கும் துவாரத்தைத் தொடாதே. முழுக்கத் திறந்தே இருக்கட்டும். நான் முதல் தடவை சூட்டைக் குறைக்கிறேன் பேர்வழியென்று அதைத்தான் அடைத்தேன். புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கிக் கறியின் மேல் படிந்துவிட்டது. தார் பூசியதுபோல ஒரு கசப்பு. உன் அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு டம்ளர் தண்ணீரோடு சாப்பிட்டு முடித்தார். புகை மெலிதாக, லேசான நீலத்தில், வருகிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி வர வேண்டும். வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் கறியை வைக்காமல் காத்திரு.

இனி தண்ணீர். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்த ராத்திரி தட்டில் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினாய்? மாலையில் ஊற்றியதோடு சரி என்றால், மூன்று மணிக்கு வந்த 150க்கு மூன்று துவாரங்களையும் நீ திறந்துவிட்டது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, தட்டு வறண்டுபோனது.

அந்தத் தட்டு கறிக்கு ஈரம் கொடுக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெரிய வேலை சூட்டைப் பிடித்துவைப்பது. தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. மிச்சச் சூடு எல்லாம் அதை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். அந்தச் செலவு சாதாரணமல்ல. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க ஆகும் சூட்டைவிட, கொதித்த அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஏறத்தாழ ஏழு மடங்கு சூடு வேண்டும். கரி கொஞ்சம் துள்ளினாலும் தண்ணீர் விழுங்கிக்கொள்கிறது. கங்கின் அனல் நேராகக் கறியில் அடிக்காமல் நடுவில் நின்று தடுப்பதும் அதே தட்டுதான். தண்ணீர் வற்றியதும் இந்தக் காவல் போய்விடுகிறது. முள் விறுவிறுவென்று ஏறும்.

ஆரம்பத்திலேயே கொதிக்கும் தண்ணீரை ஊற்று. பச்சைத் தண்ணீரை ஊற்றினால் முதல் ஒரு மணி நேரக் கரி அதைச் சுடவைக்கவே போய்விடும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கக் கதவு வழியாகப் பார். நீளமூக்குள்ள கேனில் வெந்நீரை நிதானமாக ஊற்று. சிந்திக் கரியில் விழுந்தால் சாம்பல் எழும்பிக் கறியில் ஒட்டும். இன்னொன்றைக் கவனமாகக் கேள். தட்டு சுத்தமாக வறண்டு, உருகிய கொழுப்பு மட்டும் சூடேறிக் கிடந்தால் அதில் தண்ணீர் ஊற்றாதே, முகத்தில் தெறிக்கும். துவாரங்களை அடைத்து, ஆறவிட்டு, பிறகு ஊற்று. தண்ணீருக்குப் பதில் மணல் நிரப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மணல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், ஆனால் தண்ணீர்போல 100இல் நின்று இழுத்துப் பிடிக்காது. கை பழகிய பிறகு செய்து பார்.

மூடியில் பதித்திருக்கிற தெர்மாமீட்டரை அப்படியே நம்பாதே. அது உச்சியில் இருக்கிறது, கறி கீழே கம்பித் தட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் சாதாரணமாக வரும். ஒயர் வைத்த ஒரு தெர்மாமீட்டரைக் கம்பித் தட்டில் பொருத்து. கறியை ஒட்டி வேண்டாம், நாலு விரல் தள்ளி. குளிர்ந்த கறிக்குப் பக்கத்தில் வைத்தால் குறைத்துக் காட்டும், நீ கீழே திறந்துவிடுவாய். வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பார், 100ஐ ஒட்டி நிற்க வேண்டும். நீ இருக்கிற இடம் உயரமென்றால், 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி கழித்துக்கொள்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், உனக்குத் தெரியாது. அதில் ஒரு பக்கத்தை அப்படியே எழுதுகிறேன். "6.10: 18 கங்கு, கீழே மூன்றும் முழுக்கத் திறப்பு. 6.40: 82. 6.50: 93, மூன்றும் பாதி. 7.05: 104, இரண்டை அடைத்தேன், ஒன்றில் பென்சில் கனத்துக்கு இடுக்கு. 7.30: 110. 9.30: 112. 11.00: 109, தண்ணீர் 2 லிட்டர். 11.20: 101. 11.50: 110." இதில் 11.20ஐப் பார். எட்டு டிகிரி இறங்கியிருக்கிறது, நான் ஒன்றும் செய்யவில்லை. கதவைத் திறந்தேன், தண்ணீர் ஊற்றினேன், இறங்கத்தானே செய்யும்? அந்த நேரத்தில் நீயாக இருந்தால் மூன்றையும் திறந்திருப்பாய். பன்னிரண்டு மணிக்கு 140 ஆகியிருக்கும்.

107இலிருந்து 121 வரை என்பது பொதுவான கணக்கு. நான் 105க்கும் 130க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் விட்டுவிடுவேன். வீட்டிலிருக்கும் ஓவனுக்குள்ளும் சூடு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும், பார்க்க முள் இல்லாததால் யாரும் கவலைப்படுவதில்லை.

உன் புலம்பலில் இன்னொன்றும் இருந்தது: கறியின் உள்சூடு 68இல் வந்து மூன்று மணி நேரம் அசையவில்லை என்று. அது கறி வியர்ப்பது. மேலே ஈரம் ஆவியாகி ஆவியாகி, ஏறுகிற சூட்டைத் தணித்துவிடும். பெரிய துண்டில் 65இலிருந்து 75க்குள் எங்காவது இப்படி நிற்கும். கரியின்மேல் தப்பில்லை, துவாரத்தைத் தொடாதே. பொறுக்க முடியாவிட்டால் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி வை. ஈரம் போக வழியில்லாததால் மறுபடி ஏறும், மேல் மொறுமொறுப்பு மட்டும் கொஞ்சம் இளகிவிடும்.

மூடியைத் திறந்து திறந்து பார்க்காதே. திறந்ததும் முள் இறங்குவதைப் பார்த்துச் சூடு போய்விட்டது என்று நினைப்பாய். கீழே கரிக்கு அது ஊதுகுழல் வைத்து ஊதியதுபோல. பத்து நிமிஷம் கழித்துப் பழைய இடத்தையும் தாண்டி ஏறும். காற்று வேகமாக அடித்தாலும் இதே கதைதான். காற்று வருகிற பக்கத்துத் துவாரத்தை அடைத்துவிட்டு, எதிர்ப் பக்கத்தை வைத்து ஓட்டு, ஒரு பலகையைச் சாய்த்து மறைப்புக் கொடு. எட்டாம் மணி, ஒன்பதாம் மணியில் எல்லாம் திறந்திருந்தும் சூடு இறங்கினால், சாம்பல் அடியில் சேர்ந்து காற்றை மறிக்கிறது என்று அர்த்தம். ஒரு கம்பியைக் கதவு வழியாக விட்டுக் கரித்தட்டை லேசாக அசை. லேசாக என்றால் லேசாகத்தான், கறியில் சாம்பல் பறக்கும்.

உன்னுடையது புதுசு. புது ஸ்மோக்கர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உள்ளே பளபளவென்று இருப்பதால் அனலைத் திருப்பி அடிக்கும், கதவோரம் காற்று கசியும். ஏழெட்டு தடவை சமைத்தால் உள்ளே கருமை ஏறி, பிசுக்குப் படிந்து இடுக்கெல்லாம் தானாக அடைபடும். அந்தக் கருமையைத் தேய்த்துக் கழுவிவிடாதே. மூடியில் உரிந்து தொங்குகிற பொருக்கை மட்டும் பிரஷ்ஷால் தட்டிவிடு.

மழை வந்தால் கார் ஷெட்டுக்குள் இழுத்து வைக்கலாமா என்று ஒரு செய்தியில் கேட்டிருந்தாய். கூடாது. கதவைத் திறந்துவைத்தாலும் கூடாது. கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு வரும். அதற்கு வாசனையே கிடையாது, தெரியவே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும். அணைவதுபோலத் தெரிகிற கரிக்கும் இது பொருந்தும். மழையென்றால் வேறொரு நாள் சமைத்துக்கொள்.

வரும் வாரம் கோழி போடப் போவதாகச் சொன்னாய். வேண்டாம். கோழிக்கு 110இல் தோல் ரப்பர்போல ஆகிவிடும். அதற்குத் தட்டில் தண்ணீர் இல்லாமல் 160க்கு மேல் ஓட்ட வேண்டும், உள்ளே 74 வந்ததா என்றும் பார்க்க வேண்டும். அது வேறு பாடம். மறுபடி பன்றித் தோள்பட்டையையே போடு. கொழுப்பும் சவ்வும் நிறைந்த துண்டு, நீ இருபது டிகிரி ஏற்றி இறக்கினாலும் பொறுத்துக்கொள்ளும். உள்ளே 93ஐ ஒட்டி வந்ததும் குத்திப் பார். கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் எடுத்துவிடு. முடிந்ததும் மேலும் கீழும் எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டால் கரி தானாக அணையும். மிஞ்சியது அடுத்த தடவைக்கு ஆகும். சாம்பலை இரண்டு நாள் கழித்துக் கொட்டு.

ஒரு நோட்டு வாங்கிக்கொள். நேரம், டிகிரி, துவாரம் எவ்வளவு என்று மூன்றே மூன்று. திருகும் முன் எழுது, திருகியபின் கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. ராத்திரி செய்தி அனுப்பாதே, நான் தூங்குவேன்.

அன்புடன்,
அம்மா